காற்றை அளந்து வைக்கிற கடை

பெங்களூர் பீன்யா இரண்டாம் ஸ்டேஜில், எங்கள் லாண்டரியில் இருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு பர்னர் சர்வீஸ் கடை இருக்கிறது. ஷட்டர் எப்போதும் பாதி இறங்கியே இருக்கும். வாசலில் பழைய பம்ப்களும் புளோயர் மோட்டார்களும் அடுக்கிக் கிடக்கும். உள்ளே ஒரு மேசை, ஒரு டெஸ்ட் பெஞ்ச், தூத்துக்குடிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர், அவரிடம் வேலை பழகும் இரண்டு பையன்கள். இந்தக் கடையைப் பற்றி மூன்று மாதத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். டீசல் கணக்கு நிலையாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். நிற்கிறது.

நான் ஸ்ரீராம்புரத்துக்காரன். 14 வருடமாக பாய்லர் அட்டெண்டன்ட் வேலை. கிரீன் லைன் மெட்ரோவில் ஏறி பீன்யா இண்டஸ்ட்ரி ஸ்டேஷனில் இறங்கினால் கால் மணி நேர நடை. எங்கள் இடத்தில் ஹோட்டல் பெட்ஷீட், டவல், மேசை விரிப்பு எல்லாம் வெளுத்து இஸ்திரி போட்டு அனுப்புகிறோம். அதற்கு மணிக்கு 1,000 கிலோ நீராவி தரும் பாய்லர் ஒன்று, அதில் டீசலைத் தெளித்து எரிக்கும் பர்னர். ஹை ஃபயரில், அதாவது முழு வேகத்தில், நின்றால் மணிக்கு சுமார் 75 லிட்டர் குடிக்கும். நாள் முழுக்க ஏறி இறங்கி ஓடியதில் எங்கள் கணக்கு ஒரு நாளைக்கு 410 லிட்டரில் நின்றது. அது எவ்வளவு அதிகம் என்று அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

இந்த பாய்லர் புதிது இல்லை. சென்னை அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் ஓடிக்கொண்டிருந்ததை முதலாளி வாங்கி, பேப்பர் வேலையெல்லாம் முடித்து இங்கே இறக்கினார். அங்கே நன்றாகத்தான் எரிந்திருக்கிறது. அங்கிருந்த ஆபரேட்டரிடம் நானே போனில் பேசினேன். புகை என்ற பேச்சே இல்லை என்றார். இங்கே வந்து முதல் வாரத்திலேயே மத்தியானம் ஆனால் சிம்னியில் கறுப்பாகப் புகை. பக்கத்து பிரிண்டிங் பிரஸ்காரர் மாடியில் காயப்போட்ட துணியைத் தூக்கிக்கொண்டு நேராக எங்கள் கேட்டுக்கு வந்துவிட்டார். அவர் மேல் தப்பே இல்லை. துணியெல்லாம் கரிப்பொட்டு.

அப்போது வேறு ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். அவர் வந்தார், சிம்னியை அண்ணாந்து பார்த்தார், காற்று வழியைத் திறந்து மூடும் டேம்பர் பக்கத்து ஸ்க்ரூக்களை எல்லாம் முறுக்கிக் காற்றைத் திறந்துவிட்டார். புகை போய்விட்டது. அரை மணி நேர வேலை. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த மாதம் டீசல் பில் ஏறியிருந்தது. காலையில் பிரஷர் ஏறவும் நேரம் பிடித்தது. அதோடு திங்கட்கிழமை காலைகளில் பர்னர் இரண்டு மூன்று முறை லாக்-அவுட் ஆகும், அதாவது பற்றாமல் தானே நின்றுவிடும். அவரைக் கேட்டால், "ரீசெட் அமுக்குங்க, புடிச்சுக்கும்" என்பார். ஒன்றரை வருடம் இப்படியே ஓடியது.

பர்னரோடு வேலை செய்கிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கறுப்புப் புகை வந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம். அது எல்லோருக்கும் தெரியும். புகை இல்லாவிட்டால் எல்லாம் சரி என்று நினைப்பதுதான் தப்பு. தேவைக்கு மேல் காற்று போனாலும் புகை வராது, சிம்னி பளிச்சென்று இருக்கும். ஆனால் அந்த உபரிக் காற்று முழுவதும் பாய்லருக்குள் வந்து சூடேறி, அந்தச் சூட்டைத் தூக்கிக்கொண்டு சிம்னி வழியாகப் போய்விடும். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அது எரிய உதவுவதும் இல்லை, சும்மா போவதும் இல்லை. நம் டீசலில் சூடாகிக்கொண்டு போகிறது. இந்த நஷ்டம் கண்ணுக்குத் தெரியாது. பில்லில்தான் தெரியும்.

அண்ணாச்சி கடைக்கு நான் போனது லாக்-அவுட்டுக்காகத்தான். சுடர் எரிகிறதா என்று பார்க்கும் ஃபோட்டோசெல்லை மாற்ற வேண்டும் என்று நினைத்துப் போனேன். அவர் ஃபோட்டோசெல்லை எடுத்துக் கொடுக்கவில்லை. "பாய்லர் எங்கேருந்து வந்துது தம்பி?" என்று கேட்டார். அம்பத்தூர் என்றேன். "இங்க வந்தப்புறம் மெஷின் வச்சு அளந்தாங்களா?" இல்லை என்றேன். "அப்போ மொதல்ல அளப்போம். செல்லு அப்புறம் வாங்கிக்கலாம்." ஒரு பொருளை விற்கிற வாய்ப்பை அவர் தள்ளிவைத்ததே எனக்குப் பிடித்துப்போனது.

அளக்க வந்த அன்று காலை 6 மணிக்கே வந்துவிட்டார். பாய்லர் சூடேறி 7 கிலோ பிரஷர் காட்டும் வரை, புகைக் காற்றை அளக்கும் கருவியைப் பெட்டியில் இருந்து எடுக்கவே இல்லை. குளிர்ந்த பாய்லரில் எடுத்த ரீடிங் எதற்கும் உதவாது என்றார். அப்புறம் எல்லா வாஷிங் மெஷின்களையும் இஸ்திரி உருளையையும் ஒன்றாகப் போடச் சொன்னார். நீராவி இழுத்தால்தானே பர்னர் ஹை ஃபயரில் நிற்கும். சிம்னியில் டெஸ்ட் ஓட்டை இன்சுலேஷனுக்குள் மறைந்து கிடந்தது. அதை வெட்டி எடுத்து, கருவியின் குழாயான புரோபை உள்ளே விட்டார். ஆக்சிஜன் 9.5 சதவீதம், புகைக் காற்றின் சூடு 248 டிகிரி, திறன் 85 சதவீதம் என்று திரையில் வந்தது.

ஆக்சிஜன் 9.5 என்றால் எரிய வேண்டிய அளவுக்கு மேல் 80 சதவீதத்துக்கும் அதிகமான காற்றை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறோம். டீசல் பர்னரில் ஹை ஃபயரில் 3-லிருந்து 4 சதவீதம் ஆக்சிஜன் மிச்சம் வந்தால் போதும். அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஒன்றரை வருடம் நான்தான் அந்த பர்னர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்து ஒரு கைப்பம்பை எடுத்தார். வெள்ளை வடிதாள் ஒன்றை அதில் செருகி, குழாயை அதே ஓட்டைக்குள் விட்டு நிதானமாகப் பத்து முறை இழுத்தார். தாளை வெளியே எடுத்து, 0-லிருந்து 9 வரை சாம்பல் வட்டங்கள் அச்சடித்த அட்டையோடு சேர்த்துப் பிடித்தார். தாள் வெள்ளை வெளேர் என்று இருந்தது. புகை எண் பூஜ்யம். "பாருங்க, இந்தத் தாளை மட்டும் பாத்தா பிரமாதம்னு சொல்லிட்டுப் போயிடலாம்" என்று அதை என் கையில் கொடுத்தார். அந்தத் தாளை இன்னும் லாக் புக்கில் வைத்திருக்கிறேன்.

எங்கள் பர்னரில் எண்ணெயும் காற்றும் எப்படிச் சேர்ந்து ஓடுகின்றன என்பதை அவர் கவரைக் கழற்றிக் காட்டிய பிறகுதான் எனக்கு முழுதாகப் பிடிபட்டது. பம்ப் எப்போதும் ஒரே அழுத்தத்தில், எங்களுடையதில் 22 பார், எண்ணெயைத் தெளிக்கும் முனையான நாசிலுக்கு அனுப்புகிறது. நாசிலுக்குள் எண்ணெய் வேகமாகச் சுழல்கிறது. அதில் ஒரு பங்கு நெருப்புக்குள் பொடிப்பொடியாகத் தெறிக்கிறது, மிச்சம் ரிட்டர்ன் குழாயில் திரும்புகிறது. திரும்பும் வழியை இறுக்கினால் முன்னால் போகும் எண்ணெய் கூடும், தளர்த்தினால் குறையும். எவ்வளவு குறைத்தாலும் உள்ளே சுழல்கிற வேகம் குறையாது. அதனால் லோ ஃபயரிலும் துளி பெரிதாகாமல் பொடியாகவே வரும். ரிட்டர்ன் கேஜில் லோ ஃபயரில் 7 பார், ஹை ஃபயரில் 17 பார் காட்டும். அந்த கேஜை நான் தினம் பார்த்து எழுதுகிறவன். அது எதைச் சொல்கிறது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

அந்த ரிட்டர்னை இறுக்குவதும் தளர்த்துவதும் ஒரு சின்ன சர்வோ மோட்டார். அதே மோட்டாரின் அச்சில்தான் காற்றுக்கான கேம் என்ற வளைந்த தட்டும் இருக்கிறது. கேமின் விளிம்பில் வளைந்துகொடுக்கும் எஃகுப் பட்டை, பட்டைக்கு அடியில் வரிசையாக ஸ்க்ரூக்கள். பட்டையின் மேல் ஒரு குட்டி உருளை ஓடும். உருளை மேலேறினால் லிங்க் கம்பி இழுத்து டேம்பர் திறக்கும். ஆக, மோட்டார் ஒரு பங்கு திரும்பினால் எண்ணெய் இவ்வளவு, காற்று இவ்வளவு என்பதை அந்த ஸ்க்ரூக்கள்தான் முடிவு செய்கின்றன. ஒவ்வொரு ஸ்க்ரூவும் ஒரு சுமைக்கு. முந்தைய ஆள் எல்லாவற்றையும் ஒரே மாதிரி உள்ளே முறுக்கியிருந்தார்.

அண்ணாச்சி ஹை ஃபயரில் தொடங்கினார். ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்துவார், கருவியைப் பார்த்துக்கொண்டு இரண்டு நிமிடம் சும்மா நிற்பார், மறுபடி தளர்த்துவார். ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே வந்தது. அவர் கண் ஆக்சிஜன் மேல் இல்லை, கார்பன் மோனாக்சைடு எண் மேல் இருந்தது. அது எங்கே ஏறத் தொடங்குகிறதோ அங்கேதான் காற்று பற்றாமல் போகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டு, அதிலிருந்து கொஞ்சம் காற்றைக் கூட்டி, 4.2-இல் நிறுத்தினார்.

"இன்னும் எறக்கலாமே அண்ணாச்சி, 3-ல நிக்குமே" என்றேன். நிற்கும் என்றார். இப்போது நிற்கும், மத்தியானம் நிற்காது என்றார்.

அவர் அப்போது சொன்னதுதான் இந்தக் கடையை நான் மற்றவர்களுக்குச் சொல்ல முக்கியக் காரணம். பம்பும் நாசிலும் எண்ணெயைத் தருவதில் ஊர் பார்ப்பதில்லை. சென்னையில் என்ன தருமோ அதையேதான் இங்கேயும் தரும். புளோயர் அப்படி இல்லை. அது காற்றை எடையாகத் தள்ளுவதில்லை, கன அளவாகத்தான் தள்ளும். 1 லிட்டர் டீசல் முழுதாக எரிய சுமார் 12 கிலோ காற்று வேண்டும். சென்னையில் அது 10 கன மீட்டருக்குக் கொஞ்சம் கூட. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 920 மீட்டர் உயரம். காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைவு. அதே 12 கிலோவுக்கு இங்கே 11 கன மீட்டருக்கு மேல் தள்ள வேண்டும். அம்பத்தூரில் சரியாக வைத்த டேம்பர் இங்கே கஞ்சத்தனமாகிவிட்டது. பிரஸ்காரர் துணியில் விழுந்த கரிக்கு அதுதான் காரணம். பாய்லரில் ஒரு கோளாறும் இல்லை. ஊர் மாறிவிட்டது, செட்டிங் மாறவில்லை.

மத்தியானக் கதையும் இதேதான். அன்று காலை பாய்லர் ரூமில் காற்று 21 டிகிரி. மத்தியானம் 2 மணிக்கு 36 ஆகிவிடும். சூடான காற்று லேசு. அந்த 15 டிகிரியில் எடை 5 சதவீதம் போல குறையும். காலையில் இறுக்கிப் பிடித்து 3-இல் வைத்திருந்தால் மத்தியானம் 2-க்கு வந்து மறுபடி புகைந்திருக்கும். இதை வாயால் சொல்லிவிட்டுப் போகாமல், 2 மணிக்குத் திரும்பி வந்து அளந்தார். 3.4 காட்டியது. வடிதாளில் லேசான சாயை, 1-க்கும் கீழே. அப்போதுதான் ஸ்க்ரூக்களின் மேல் மஞ்சள் பெயின்ட் புள்ளி வைத்தார். யாராவது கை வைத்தால் தெரிந்துவிடும்.

நடுவில் ஒரு விஷயம். சுமை ஏறும்போது கேமின் ஒரே குறியில் 4.4 காட்டியது, இறங்கும்போது அதே குறியில் 6.1 காட்டியது. நான் கருவியில் கோளாறோ என்று நினைத்தேன். அவர் லிங்க் கம்பியின் முனையைப் பிடித்து ஆட்டினார். பால் ஜாயின்ட் தேய்ந்து கடகடவென்று ஆடியது. மோட்டார் திரும்புகிறது, ஆனால் அந்த ஆட்டம் தீர்ந்த பிறகுதான் டேம்பர் நகர்கிறது. எண்ணெய் முன்னால் போய்விடுகிறது, காற்று பின்னால் வருகிறது. சுமை ஏறும்போது ஒரு குப்பென்ற புகை வருமே, அது இதனால்தான். ஏறும்போது காற்று எண்ணெய்க்கு முன்னால் போக வேண்டும், இறங்கும்போது எண்ணெய் முதலில் குறைய வேண்டும், குறைந்தபட்சம் இரண்டும் கைகோத்தாவது போக வேண்டும். இரண்டு ஜாயின்ட்டையும் மாற்றிவிட்டு முதலில் இருந்து அளந்தார். அந்த ஒரு வேலைக்காகவே அரை நாள் போயிற்று. ஏறும்போது மட்டும் அளந்துவிட்டுப் போகிறவர்களுக்கு இந்தக் கோளாறு சிக்கவே சிக்காது.

லோ ஃபயரில் ஆக்சிஜனை 5.8-இல் வைத்தார். அங்கே காற்றின் வேகம் குறைவு, எண்ணெயோடு கலப்பது மந்தம், அதனால் கொஞ்சம் தாராளமாகக் கொடுக்க வேண்டும். நடுவில் மூன்று இடங்கள். ஒரு ஸ்க்ரூவுக்கும் அடுத்ததுக்கும் நடுவே பட்டையில் மேடு பள்ளம் வராமல் விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

சரி, லாக்-அவுட்டுக்கு வருகிறேன். பர்னர் தொடங்கும்போது முதலில் டேம்பரை முழுதாகத் திறந்து உள்ளே இருப்பதை ஊதி வெளியேற்றும். அப்புறம் டேம்பர் பற்றவைக்கும் நிலைக்கு இறங்கும், எலக்ட்ரோடில் 10,000 வோல்ட் பொறி விழும், மின்சாரத்தில் ஓடும் வால்வான சோலினாய்டு திறந்து எண்ணெய் வரும். எங்கள் கன்ட்ரோல் பாக்ஸில் 5 வினாடிக்குள் ஃபோட்டோசெல் வெளிச்சத்தைப் பார்க்காவிட்டால் எண்ணெயை மூடிவிடும். எங்கள் பர்னரில் பற்றவைக்கும் நிலையிலும் காற்று அளவுக்கு மேல் இருந்தது. ஞாயிறு முழுக்கக் குளிர்ந்து கிடந்த பாய்லரில், திங்கட்கிழமை அந்தக் காற்று பிறக்கிற சுடரையே ஊதி அணைத்துக்கொண்டிருந்தது. அதையும் குறைத்தார், எலக்ட்ரோடு இடைவெளியைச் சரி செய்தார், ஃபோட்டோசெல்லைப் பஞ்சால் துடைத்து அதையே திரும்ப மாட்டினார். அதற்குப் பிறகு இன்றைக்கு வரை லாக்-அவுட் இல்லை. புது செல் வாங்கவும் இல்லை.

ரீசெட்டைத் திரும்பத் திரும்ப அமுக்குவதைப் பற்றி மட்டும் அவர் குரல் கடுமையாக இருந்தது. ஒவ்வொரு முறை பற்றாமல் போகும்போதும் கொஞ்சம் எண்ணெய் உள்ளே தெறித்துத் தேங்கும். கடைசியில் பற்றும்போது எல்லாம் சேர்ந்து பற்றும். கதவு தெறித்து விழுந்த இடங்களைத் தான் பார்த்திருப்பதாகச் சொன்னார். இரண்டு தடவைக்கு மேல் அமுக்கக் கூடாது, காரணத்தைத் தேட வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டச் சொன்னார். கன்னடத்திலும் தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒட்டியிருக்கிறேன். இதை முதலிலேயே எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

வேலை முடிந்து எடுத்த ரீடிங்கில் புகைக் காற்று 226 டிகிரி, திறன் 90.3. டீசல் ஒரு நாளைக்கு 410-லிருந்து 388 லிட்டருக்கு வந்தது. 22 லிட்டர். மூன்று மாதமாக அந்தப் பக்கத்திலேயே நிற்கிறது, துணி அதிகமான நாளில் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். சர்வீஸ் கட்டணம் 7,500 ரூபாய், ஜி.எஸ்.டி. சேர்த்து 8,850. பால் ஜாயின்ட் இரண்டுக்கும் 1,400. ஆறு வேலை நாளில் அந்தக் காசு திரும்பிவிட்டது என்று முதலாளியே கணக்குப் போட்டுச் சொன்னார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிம்னியிலேயே ஆக்சிஜன் சென்சர் வைத்து, எண்ணெய்க்கு ஒரு சர்வோ, காற்றுக்கு ஒரு சர்வோ என்று பிரித்து, தானாகவே திருத்திக்கொள்ளும் அமைப்பைப் போட்டுவிடலாமா என்று முதலாளி ஆசையாகக் கேட்டார். அண்ணாச்சி வேண்டாம் என்றுவிட்டார். ஐந்து டன், பத்து டன் பாய்லர் இரவு பகலாக ஓடும் இடத்தில் அது காசைத் திருப்பிக் கொடுக்கும், உங்களுக்கு வருடத்தில் இரண்டு தடவை ஒழுங்காக அளந்தாலே போதும் என்றார். மத்தியானத்து வெயிலை அந்த அமைப்பு தானே பார்த்துக்கொள்ளும் என்பதும் உண்மைதான், அதையும் அவரே மறைக்காமல் சொன்னார்.

குறைகளும் உண்டு. முதலில் கொடுத்த தேதியில் வரவில்லை, ஒரு வாரம் தள்ளிப்போனது. எங்களுக்கு ஒரு உபரி நாசில் கேட்டிருந்தேன், கையில் இல்லை, வர 11 நாள் ஆயிற்று. நாசில் அடைத்துக்கொண்டால் மொத்த லாண்டரியும் நிற்கும். இப்படிப்பட்ட கடையில் இரண்டு நாசிலாவது கையில் வைத்திருக்க வேண்டும். மாலை 7 மணிக்கு மேல் போன் எடுக்கமாட்டார்கள். ரீடிங்கைக் கருவியோடு வரும் சின்னச் சுருள் தாளில்தான் அச்சடித்துத் தருகிறார்கள். அது சில மாதத்தில் மங்கிவிடும். உடனே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூ எந்த நிலையில் இருக்கிறது, ரிட்டர்ன் கேஜ் ஒவ்வொரு குறியிலும் என்ன காட்டுகிறது என்பதையும் கேட்டு வாங்குங்கள். கேட்டால்தான் எழுதித் தருவார். பையன்கள் இருவரும் கன்னடத்தில்தான் பேசுவார்கள், வேலையில் சுத்தம்.

ஃபர்னஸ் ஆயில் ஓட்டுகிறவர்களுக்கு இவரிடம் எப்படி என்று என்னால் சொல்ல முடியாது. அந்த எண்ணெயை 100 டிகிரிக்கு மேல் சூடாக்கி இளக்கினால்தான் நாசிலில் பொடியாகும், அதற்கு ஹீட்டர் வேலையும் தெரிந்திருக்க வேண்டும். செய்வதாகச் சொன்னார், நான் பார்த்தது டீசல் பர்னரை மட்டும்தான்.

அடுத்த சர்வீஸைப் பிப்ரவரி கடைசியில் வைத்திருக்கிறோம். கோடை வெயில் ஏறுவதற்கு முன்னால் மத்தியான ரீடிங்கைக் கட்டாயம் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். காலையில் வந்தாலும் 2 மணி வரை இருப்பதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்.